செய்முறை நோட்டு

மாதத்தின் 15-ஆம் தேதியை ஒட்டி திண்டுக்கல் ஏடிஎம் வாசல்களில் பெண்கள் கூட்டம் தெரியும். மாதம் ஆயிரம் ரூபாயான கலைஞர் மகளிர் உரிமைத் தொகை அவர்கள் கணக்கில் ஏறியிருக்கும். "ஆயிரத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்தா பூவுக்கும் ரீசார்ஜுக்கும்தானே போகும்?" என்று அதைப் பார்த்து யாராவது சொல்வார்கள். வசதியானவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். 2016 முதல் இரு மாதத்துக்கு ஒருமுறை நூறு யூனிட் மின்சாரம் என் வீட்டுக்கும் இலவசம். அதில் மிச்சமான காசை என்ன செய்தாய் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை.

2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய திட்டம் இது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று தகுதிக்குத்தான் நிபந்தனைகள் வைத்தார்கள். தகுதி பெற்ற பெண்ணிடம் செலவுக் கணக்குக் கேட்பதில்லை. திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக் கூலி வாங்கும் ஓர் அக்காவின் வீட்டில் செய்முறை நோட்டு ஒன்று இருக்கிறது. அட்டை மூலையில் மஞ்சள் தடவியிருக்கும். மகன் காதுகுத்துக்கு யார் யார் எவ்வளவு செய்தார்கள் என்று ஊர், பெயர், தொகையோடு எழுதி, திருப்பிச் செய்ததற்கு எதிரே டிக் போட்டிருக்கிறார். ஒரு மாதம் அந்த ஆயிரத்தில் 501 ரூபாய் ஒரு கல்யாணத்துக்குப் போனது. "அரிசி ரேசன்ல வந்துருது. இதைச் செய்யலேன்னா நாளைக்கு எம் மக சடங்குக்கு யாருண்ணே வருவா?" என்றார். தூரத்தில் நின்று பார்த்தால் வீண் செலவு. அவர் கணக்கிலோ வட்டியில்லாமல் வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதும், அடுத்த விசேஷத்துக்குச் சேர்த்து வைப்பதும் ஒன்றாக நடக்கிறது. அந்தச் செய்முறை வரவு நின்றுபோனால் சடங்கு வாரத்தில் வட்டிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். இந்த முன்னுரிமையை எந்த அதிகாரியால் இவரைவிடச் சரியாகப் போட முடியும்?

இப்படிப்பட்ட பெண்கள் கையில் காசு கொடுத்தால் நிற்காது என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் வட்டாரம் பார்த்திருக்கிறது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது. இளம்பெண்களை மூன்றாண்டுக்குச் சேர்த்து, கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. பஞ்சுத் தூசியில் உடம்பு முடியாமல் இடையில் ஊர் திரும்பிய பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவே இல்லை. அவர்கள் உழைத்த காசு அது.

உரிமைத் தொகை குடிக்குப் போகிறதே என்பார்கள். போகிற வீடுகள் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் எவான்ஸும் அன்னா போபோவாவும் 2014-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உதவிப் பணத்தால் மது, புகையிலைச் செலவு பொதுவாகக் கூடவில்லை என்றே தெரிந்தது. பெண்டாட்டி கையிலிருந்து புருஷன் பிடுங்கிக்கொண்டு போனால் அவளுடைய தொகையை நிறுத்துவது என்ன நியாயம்? 2003-இல் மதுச் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்த அரசின் கடைதான் பகல் 12 மணிக்குத் திறக்கிறது. பொறுப்பைப் பற்றிய பேச்சை முதலில் அங்கே தொடங்குவோம்.

எல்லா நிபந்தனையும் தப்பு என்று நான் சொல்லவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியின் 18,000 ரூபாயில் ரொக்கத்தைத் தவணையாகத் தருகிறார்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும், குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும். அந்தப் பணத்தை எதற்குச் செலவழித்தாய் என்று அங்கேயும் கேட்பதில்லை. ஊசியும் செவிலியரும் அரசின் பொறுப்பு என்பதால் அந்த நிபந்தனை அரசையும் சேர்த்தே கட்டுகிறது. கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்தவள் ஊசி இல்லாமல் திரும்பினால், அவள் தவணை தள்ளிப்போகக் கூடாது.