பந்தியில் ஓர் இலை

வாய்ப்புற்றுக்குத் தாடையில் ஒரு பக்கத்தை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் எழுகிற முதல் கேள்வி, உயிர் பிழைக்குமா என்பது. அடுத்த கேள்வி பல வீடுகளில் பணத்தைப் பற்றியதுகூட இல்லை. இந்த முகத்தை வைத்துக்கொண்டு நாலு பேர் நடுவே எப்படிப் போய் நிற்பது என்பதுதான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் காட்டினாலும், நெய்யூர் மருத்துவமனையில் காட்டினாலும், எல்லை கடந்து திருவனந்தபுரத்து ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வி கூடவே போகிறது. அழகைப் பற்றிய கவலை என்று இதை ஒதுக்குவது எளிது. எனக்கு இது தத்துவத்தின் பழைய கேள்வி ஒன்றாகவே படுகிறது: ஒருவர் அவராக இருப்பது தனக்குள்ளேயா, பிறர் நடுவிலா? தனக்குள்ளே என்றால் தையல் பிரித்த அன்றே சிகிச்சை முடிந்துவிட்டது. பிறர் நடுவில் என்றால் அறுவை அரங்கில் நடப்பது பாதிதான். மீதியைச் செய்ய வேண்டியவர்கள் உற்றாரும் ஊராரும். இரண்டாவதே சரி என்பது என் வாதம். குமரி மாவட்டத்துச் சமயங்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டன. சொன்ன இடம் சாஸ்திரம்கூட இல்லை, சாப்பாட்டுப் பந்தி.

முதலில் அறுவையில் நடப்பதைப் பார்க்கலாம். கட்டியை மட்டும் சுரண்டி எடுத்துவிட முடியாது. சுற்றியுள்ள நல்ல சதையையும் ஓரளவு சேர்த்தே வெட்ட வேண்டும். கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுப்பார்கள். ஆரம்ப நிலையில், கழுத்தில் எதுவும் தட்டுப்படாதபோதும் அவற்றை எடுக்கத்தான் வேண்டுமா என்று மருத்துவர்களுக்குள்ளேயே நெடுநாள் தகராறு இருந்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015இல் அதற்கு விடை சொன்னது: முதல் அறுவையிலேயே எடுத்தவர்களில் மூன்றாண்டு கடந்தும் உயிரோடிருந்தவர்கள் 80 சதவீதம், கழுத்தில் கட்டி வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டவர்களில் 67.5 சதவீதம். ஆகவே வெட்டு பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வெட்டிய இடத்தை நிரப்பக் கீழ்க்காலின் மெல்லிய எலும்பை இரத்தக் குழாயோடு எடுத்துத் தாடையாக வைக்கிறார்கள். முன்கைத் தோல் நாக்காகிறது. நெஞ்சுச் சதை கன்னமாகிறது. வாய்க்குள் நெஞ்சு முடி வளர்ந்துவிடுவதும் உண்டு. தொண்டைப் புற்றுக்காகக் குரல்வளையை முழுதாக எடுத்தவர் கழுத்துத் துளை வழியே மூச்சு விடுகிறார். பலருக்கு அதன்பின் ஆறு வாரம் கதிர்வீச்சு. உமிழ்நீர் வற்றுகிறது, வாய் இறுகித் திறக்க மறுக்கிறது, தோள் தொங்கிப்போகிறது. காலெலும்பை வாயில் கொண்டவர் பழைய ஆள்தானா என்று தத்துவ வகுப்பில் விவாதிக்கலாம். வீட்டில் யாருக்கும் அந்தச் சந்தேகம் வருவதில்லை. சிக்கல் பந்தியில் வருகிறது. கடைவாயில் குழம்பு வடிகிறது, ஒரு கவளம் இறங்க நேரமாகிறது, பக்கத்து இலைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அடுத்த கல்யாணத்துக்கு நோயாளி போவதில்லை.

பக்கத்து இலைக்காரர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்? முகத்தை வெட்டுவது நம் கதைகளில் தண்டனை. சூர்ப்பனகைக்கு நேர்ந்தது அது. 17ஆம் நூற்றாண்டில் மதுரைக்கும் மைசூருக்கும் நடந்த ஒரு போருக்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர். வெட்டுண்ட முகத்தைக் கண்டால் குற்றம் என்ன என்று தேடப் பழகிய கண் நம்முடையது. வாய்ப்புற்றில் அந்தக் குற்றம் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கிறது: வெற்றிலை போட்டான், புகையிலை அடக்கினான், அனுபவிக்கிறான். இதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் கர்மவினை. புகையிலையோடு போடும் வெற்றிலைக்கும் வாய்ப்புற்றுக்குமான தொடர்பு உண்மைதான். எவரெஸ்ட் ஏற முயன்ற மருத்துவர் சோமர்வெல் கத்தி பிடித்த அதே நெய்யூரில் பணிபுரிந்த ஐயன் ஓர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933லேயே ‘லான்செட்’ இதழில் எழுதினார். புகையிலை சேராத பாக்கும் புற்று தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பின்னர் அறிவித்தது. ஆனால் வெற்றிலைத் தட்டை நோயாளி முன் நீட்டியது யார்? நிச்சயதாம்பூலம் முதல் துஷ்டி வீடு வரை வெற்றிலை பாக்கு இல்லாமல் நமக்கு எது நடந்தது? வயலில் நின்றவன் பசியை அடக்க வாயில் ஒதுக்கியதற்கு அவனை மட்டும் கணக்கில் எழுதுவது எந்த வினைக்கணக்கு? வினை உண்டென்றால் ஊருக்கே பங்கு உண்டு. வெற்றிலையைத் தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது என்பது வேறு.

வினைவாதிகள் பதில் சொல்ல வேண்டிய ஒருவர் இருக்கிறார். குமரிப் பாறையில் நாம் கட்டியிருப்பது விவேகானந்தருக்கான நினைவு மண்டபம். அவருடைய குரு ராமகிருஷ்ணர் தொண்டைப் புற்றால் 1886 ஆகஸ்ட் 16 அன்று காசிப்பூரில் இறந்தார். அவர் செய்த பாவம் என்ன என்று யாரும் கேட்பதில்லை. கடைசி மாதங்களில் அவரால் விழுங்க முடியவில்லை. சாப்பிடவாவது முடியட்டும் என்று காளி அன்னையிடம் கேளுங்கள் என்று சீடர்கள் வற்புறுத்தினார்கள். அப்படியே கேட்டதாகவும், இத்தனை வாய்களால் நீ உண்டுகொண்டுதானே இருக்கிறாய் என்று அன்னை அங்கிருந்த எல்லோரையும் காட்டியதாகவும், தனக்கு வெட்கமாகிவிட்டதாகவும் பிறகு சொன்னார். நோய் தொற்றிக்கொள்ளுமோ என்று உடனிருந்தோர் அஞ்சியபோது, குரு குடித்து மீந்த கஞ்சியைப் பின்னாளில் விவேகானந்தரான நரேந்திரன் எல்லோர் முன்னும் எடுத்துக் குடித்தார் என்கின்றன வாழ்க்கை வரலாறுகள். பாறைக்குப் படகில் போய்வருகிறவர்கள் விவேகானந்தரின் தியானத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கஞ்சிக் கிண்ணம் தியானத்துக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. இதே கதையை வைத்து, உடலைப் பொருட்படுத்தாதவர்தானே ஞானி, அறுவை எதற்கு, வெட்டுப்படாத முகத்தோடு போய்விடலாமே என்று ஒருவர் கேட்கலாம். ராமகிருஷ்ணர் மருத்துவத்தை மறுக்கவில்லை. மகேந்திரலால் சர்க்கார் வந்து பார்த்தார், மருந்து கொடுத்தார். புற்றுக்காகக் குரல்வளையை முழுதாக எடுக்கும் முதல் அறுவையை வியன்னாவில் பில்ரோத் செய்தது 1873இன் கடைசி நாளில். காசிப்பூரில் அப்போது அந்த வழியே இல்லை. இருக்கும் வழியை விட்டுவிட்டுச் சாவதற்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமில்லை.

உடல் வெறும் கூடு, உள்ளிருப்பதே நீ என்ற ஆறுதலில் எனக்கு நம்பிக்கை குறைவு. சொல்கிறவருக்கு அதில் செலவே இல்லை. கூடு கலையாதவர்தான் பெரும்பாலும் அதைச் சொல்கிறார். குமரியில் வைகுண்டர் தொடங்கிய அய்யாவழியின் வழிபாட்டிடங்களான பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் கண்ணாடி வைத்து வணங்கும் வழக்கத்தை இந்த ஆறுதலின் இன்னொரு வடிவமாகச் சிலர் விளக்குகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. முகம் பொய் என்றால் கருவறையான பள்ளியறையில் கண்ணாடிக்கு என்ன வேலை? தாடை ஒடுங்கிய முகத்தோடு ஒருவர் அதன் முன் நின்றால் கண்ணாடி அந்த முகத்தைத்தான் காட்டும். கடவுள் உறையும் இடம் அதுவே என்று அவருக்கும், வரிசையில் பின்னால் நிற்பவருக்கும் சேர்த்தே சொல்லப்படுகிறது. வைகுண்டர் கண்ணாடியோடு நிறுத்தவுமில்லை. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கவும் ஒரே பந்தியில் உண்ணவும் வைத்தார். கண்ணாடி சொன்னதைப் பந்தி நடத்திக் காட்டியது.

கிறித்தவப் பக்கமும் இதுவே. பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்ட கேள்வியை யோவான் நற்செய்தியில் இயேசு ஏற்கவில்லை. அப்பத்தை விழுங்க முடியாதவருக்குத் திராட்சை இரசத்தை மட்டும் நற்கருணையாகத் தரலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. விழுங்க முடியாதவனும் பந்தியைச் சேர்ந்தவன் என்று சட்டமாகவே எழுதியிருப்பது சிறிய விஷயமில்லை. குரல் போனவரின் வழிபாட்டுக்கும் இடமுண்டு: வாய்விட்டுச் செபிப்பதைவிட மனத்துக்குள் செபிப்பது உயர்ந்தது என்று இந்து ஜப மரபு வைத்திருக்கிறது. ஆனால் அதைக் காட்டி அவரை மூலையில் உட்கார வைக்கக் கூடாது. செயற்கை வால்வு பொருத்தியோ கருவியைக் கழுத்தில் வைத்தோ கரகரத்த குரலில் பாட விரும்புகிறவர், அய்யாவழியின் உச்சிப்படிப்பிலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் அந்தக் குரலிலேயே பாடட்டும்.

அருவருப்பு இயல்பானது, அன்பைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது என்பது கடைசி ஆட்சேபம், வலுவானதும் இதுதான். இதே மண்ணில் ஒரு சாதியார் தொட்ட தண்ணீரைக் குடிப்பதும் இயல்பாகவே குமட்டியது. மேலாடை அணிந்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணைக் கண்டு ஆத்திரம் வந்ததும் அன்றைக்கு இயல்புதான். 1859இல் திருவிதாங்கூர் அரசு மேலாடை விஷயத்தில் இறங்கிவரும்வரை அந்த இயல்பு எத்தனை வீடுகளை எரித்தது! மனம் மாறட்டும் என்று காத்திருந்து யாரும் பந்தி போடவில்லை. பந்தி போட்டார்கள், பக்கத்தில் உட்கார்ந்தார்கள், மனம் மெதுவாகப் பின்னால் வந்தது. கட்டளையிட முடியாதது உணர்ச்சியை. இலை போடுவதை யாரும் செய்யலாம்.

அதனால் கல்யாண வீட்டுக்காரர்களிடமும், ஊர் வகைக் கொடை நடத்துவோரிடமும், சபைகளில் அசனம் வைப்போரிடமும் ஒரு வேண்டுகோள். நம் பந்தியில் ஒருவர் உண்ணும்போதே அடுத்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கிறார். மெதுவாக விழுங்குகிறவருக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. அறுவை முடிந்து வந்தவர் ஊரில் இருந்தால், நேரில் போய் அழையுங்கள். முதல் பந்தியிலேயே இலை போடுங்கள். குழைய வேகவைத்த சோறும், காரம் போடாத பருப்பும், குடிக்க நிறையத் தண்ணீரும் வையுங்கள். அவர் எழுந்திருக்கும்வரை அந்த நாற்காலிக்குப் பின்னால் யாரையும் நிற்க விடாதீர்கள். பக்கத்து இலையில் நீங்களே உட்காருங்கள்.