எண்ணிக்கையும் மதிப்பும்

திருவிழாக் கடையோரத்தில் கண்ட காட்சி இது. ஓர் அண்ணன் தன் ஐந்து வயதுத் தங்கையிடமிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை வாங்கிக்கொண்டு, இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைக் கொடுத்தான். ஒன்று இரண்டானதென்று அவள் மகிழ்ந்தாள். பெரியவர்கள் நாங்கள் சிரித்தோம்.

அவள் எண்ணியதில் பிழையில்லை. சம எண்ணிக்கையுள்ள சிறு பொருள்களை இரு வரிசைகளாக வைத்து, ஒன்றை மட்டும் அகலப் பரப்பினால், அதில்தான் மிகுதி என்று இளங்குழந்தைகள் கூறுவதை ழான் பியாஜே 1941ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். கண்ணை அறிவு திருத்தக் காலம் வேண்டும். பணமோ இன்னும் அரிது. அங்கே அறிய வேண்டுவது உலோகத்தையன்று, மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டை.

இழந்தவள் மகிழ்ந்ததால் அது வஞ்சகமாகாதா? ஆகும், அவளுடைய அறியாமையே அவனுக்கு ஆதாயமாயிற்று. எண்ணக் கற்பிக்கும்போது குழந்தைக்குக் காவலை மட்டுமன்று, பிறரை ஏய்க்கும் ஆற்றலையும் சேர்த்தே அளிக்கிறோம்.

ஆதலின் கணக்கும் அறமும் ஒரே பாடமாதல் நன்று. 2016ஆம் ஆண்டில் அறிமுகமான யுபிஐ முறையில், கைப்பேசியைக் காட்டியதும் பொருள் வருகிறது. குறைவது எதுவெனக் குழந்தை காண்பதில்லை. சில வேளைகளிலேனும் ரொக்கம் கொடுத்து, மீதிச் சில்லறையை அதன் கையாலேயே எண்ணச் செய்வோம். ஒரு ரூபாய் கூடுதலாக வந்திருப்பின், அதைத் திருப்பித் தருவதும் அந்தக் கையாகவே இருக்கட்டும். அன்றுதான் குழந்தை எண்ணக் கற்றது.