பலனைக் கணக்கிடலாமா?

நிர்வாகப் பொறுப்பிலுள்ள அன்பர்கள் கீதை பயிலத் தொடங்கியதும் அவர்களுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பே. பலனில் பற்று வையாதே என்கிறது சாத்திரம். அலுவலகமோ ஆண்டுத் தொடக்கத்திலேயே இலக்கை எழுதி வாங்கிக்கொள்கிறது. பீட்டர் டிரக்கர் 1954-இல் வெளியிட்ட நூலில், இலக்குகளை வகுத்து நிர்வகிக்கும் முறையை விளக்கினார். இன்று அதைப் பின்பற்றாத நிறுவனம் அரிது. இவ்விரண்டும் பொருந்துமா?

கோவையை அடுத்து, அட்டப்பாடி மலைகளை நோக்கிய எல்லைப்புறத்தில் உள்ளது ஆனைகட்டி. அங்கு 1990-இல் ஆர்ஷ வித்யா குருகுலத்தை நிறுவிய பூஜ்யஸ்ரீ சுவாமி தயானந்த சரஸ்வதி (1930–2015) இதற்குத் தெளிவான விடை தந்தார். பலனை நாடாமல் எவரும் செயல்படுவதில்லை. சாத்திரம் அப்படிக் கேட்கவும் இல்லை. செயலைத் தேர்வது நம் கையில். பலன் ஈசுவர நியதிப்படி வருகிறது. வந்ததைப் பிரசாதமாக ஏற்கும் மனப்பாங்கே கர்மயோகியின் அடையாளம்.

சரி, பிரசாதம் என்று ஏற்றபின் கணக்கேட்டை மூடிவிடலாமா? மதுரை டாக்டர் ஜி. வெங்கடசாமி மூடவில்லை. ஸ்ரீ அரவிந்தரிடம் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட அவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல், 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிய விரல்களாலேயே அறுவை செய்தவர் அவர். கட்டணம் செலுத்துவோரால் வரும் வருவாயைக் கொண்டே ஏழைகளுக்கு இலவச சிகிச்சை என்பது ஏற்பாடு.

ஆனால், முகாம்களில் கண்புரை கண்டறியப்பட்டவர்களில் பலர், இலவசம் என்று சொல்லியும் அறுவைக்கு வரவில்லை. "நம் கடமையைச் செய்தோம், அவரவர் பிராரப்தம்" என்று இருந்திருக்கலாம். கேட்பதற்கு அதுவும் வேதாந்தம் போலவே ஒலித்திருக்கும்! அவர்களோ காரணத்தை ஆராய்ந்தனர். பேருந்துக் கட்டணம், சாப்பாடு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி: இவையே தடை என்று தெரிந்தது. பின்னர் முகாமிலிருந்தே வண்டியில் அழைத்துச் சென்று, உணவளித்து, அறுவைக்குப்பின் திரும்பக் கொண்டுவிடும் முறை ஏற்பட்டது. இறக்குமதியான உள்விழி லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, அதை இங்கேயே செய்ய 1992-இல் ஆரோலேப் உருவாயிற்று.

இதுவே பிரசாத புத்தி என்பது என் கருத்து. தன் புகழில் பற்றுள்ளவனுக்குக் குறைந்த எண் கசக்கும்; அதை மறைப்பான், அல்லது பிறர்மேல் போடுவான். பற்றற்றவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது? பார்வை பெறாமல் வீட்டில் இருக்கும் அந்த மனிதர்தான் அவனுக்குக் கணக்கு.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஊழியர்களுக்குக் கீதை வகுப்பு நடத்தும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. நல்லதே. ஆயினும் ஊதிய உயர்வு கேட்பவரிடம் "பலனைக் கருதாதே" என்று சொல்லிவிட்டு, அவர் உழைப்பின் பலனை நிர்வாகம் எடுத்துக்கொள்வதற்குக் கீதையில் இடமில்லை. தன் பலனைத்தான் ஒருவன் அர்ப்பணிக்க முடியும், பிறனுடையதை அல்ல. இலக்கு தவறினால் வேலை போகும் என்ற அச்சத்தில் இருப்பவரிடம் சமபுத்தியை எதிர்பார்க்கலாமா என்று கேட்டால், முதலில் அந்த அச்சத்தை நீக்குங்கள், வகுப்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பேன்.