பறிகொடுத்தலும் கைவிடுதலும்

ஓர் இனம் தன் தாய்மொழியை இழப்பது இருவழியால் நிகழும். ஒன்று, அரசு பறித்தல். மற்றொன்று, தானே கைவிடுதல். இவற்றுள் பெருந்தீங்கு யாது?

துருக்கியை நோக்குவோம். 1923இல் குடியரசு கண்ட கமால் பாஷா, மதத் தலைமைப் பீடத்தை ஒழித்தார். பெண்டிர்க்கு வாக்குரிமை நல்கினார். சீர்திருத்தம் விழைவோர் அவரைப் போற்றுவது முறையே. ஆயினும் அவ்வாட்சியிலேயே, 1928இல், துருக்கி மொழியையே பேசுமாறு மக்களை நெருக்கும் இயக்கம் எழுந்தது. 1934ஆம் ஆண்டுச் சட்டம் வேற்றினக் குடும்பப் பெயர்களை விலக்கிற்று. பின்னர் 1983இல் குர்து மொழி வெளியீடுகளும் தடுக்கப்பட்டன. 1991இல்தான் அத்தடை நீங்கியது. எனினும் குர்து மொழி மாளவில்லை. பறிக்க வந்த கையைக் கண்டனர், ஆதலின் எதிர்த்தனர்.

இனி, நமது ஜொகூருக்கு அண்டையிலுள்ள மலாக்காவைப் பாருங்கள். சுல்தான்கள் காலத்தே வந்த தமிழ் வணிகரின் வழியினர், மலாக்கா செட்டிகள், காஜா பெராங்கில் வாழ்கின்றனர். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயத்தில் இன்றும் வழிபடுகின்றனர். ஆயின் அவர்தம் வீட்டு மொழி மலாய். எச்சட்டமும் அவர் நாவைக் கட்டவில்லை. தமிழகத் தொடர்பு தேய்ந்தது. இந்நாட்டுப் பெண்டிரை மணந்தனர். தாய் பேசியதைச் சேய் பேசிற்று. அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

நம் நிலை யாது? இந்நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள. ஆங்கிலம் கற்ற கிராணிமாராகிய நாம் தொழிலாளியைத் தமிழில் ஏவுகிறோம். நம் பிள்ளையை ஆங்கிலத்தில் கொஞ்சுகிறோம். ஏவுதற்கு மட்டுமே உரியது தமிழ் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. சென்ற பொங்கலன்று, லயத்தில் வாழ்ந்து பால்வெட்டி நம்மைப் படிக்கவைத்த அன்னையார் பேரனுக்குக் கதை சொல்லத் தொடங்கினார். விளங்காமையால் அவன் எழுந்து போயினான். அன்னையார் நம் முகத்தை நோக்கினார். நாம் தலைகுனிந்தோம்.

மலாய் நாட்டுமொழி, ஆங்கிலம் உலக வழக்கு. இரண்டையும் கற்பது கடமை. ஆயின் அவை புகுதற்பொருட்டுத் தமிழ் வெளியேற வேண்டுவதில்லை.

பறிப்பவனை எதிர்த்துப் போராடலாம், முறையிடலாம். கைவிடுவோர் நாமேயானால் யாரிடம் முறையிடுவது? ஆதலின் இதுவே பெருந்தீங்கு என்போம். அன்பர்களே, இதனை மாற்றச் சட்டம் வேண்டா, கூட்டமும் வேண்டா. இன்றிரவு உங்கள் குழந்தையோடு தமிழில் பேசுங்கள்; நாமும் பேசத் தொடங்கியுள்ளோம்.