அவரிடம் சொன்னீர்களா?

ஒருவரைப் பற்றி எழுதுகிறோம். அவருடைய கருத்தை எடுத்தாளுகிறோம், அல்லது மறுக்கிறோம். பாராட்டுகிறோம், அல்லது ஏசுகிறோம். எழுதியதை ஆயிரம் பேர் படிக்கிறார்கள். யாரைப் பற்றி எழுதினோமோ அந்த ஒருவருக்கு மட்டும் விஷயம் தெரியாமலே போய்விடலாம். அவரிடம் அதைத் தெரிவிக்க வேண்டியது நம் கடமையா? தெரிவிக்காமல் இருப்பது வெறும் சோம்பல்தானா, அல்லது அதில் கொஞ்சம் கோழைத்தனமும் கலந்திருக்கிறதா?

சின்னக் கேள்விதான். ஆனால் இன்று இணையத்தில் எழுதுகிறவர்களில் பலர், அறிந்தோ அறியாமலோ, இதற்கு ஒரு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வேர்ட்பிரஸ் போன்ற எழுதும் சாதனங்களில் ஒரு சிறு கட்டம் இருக்கிறது. நாம் எந்தப் பக்கங்களைச் சுட்டிக்காட்டி எழுதினோமோ அந்தப் பக்கங்களுக்குத் தகவல் அனுப்பலாமா, வேண்டாமா என்று அது கேட்கிறது. பல பேர் அந்தக் கட்டத்தைக் கண்ணெடுத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். பெரிய தர்ம சங்கடங்கள் இப்படி மூலை முடுக்குகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

இந்தக் கட்டம் ஏன் தேவைப்பட்டது? இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகிற இணைப்பு ஒருவழிப் பாதை. நான் உங்கள் வீட்டை ஊருக்கெல்லாம் கைகாட்டலாம். கைகாட்டியது உங்களுக்குத் தெரியாது. 1960-லேயே டெட் நெல்சன் என்ற அமெரிக்கர் 'ஸானடு' என்ற திட்டத்தைக் கனவு காணத் தொடங்கினார். அவர் விரும்பிய இணைப்புகள் இரண்டு முனையிலிருந்தும் தெரிபவை. ஜெனிவாவில் உள்ள ஸெர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989-ல் முன்வைத்து வளர்த்த வலையிலோ ஒருவழி இணைப்பே நிலைத்தது. அதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. யாரையும் சுட்டிக்காட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வலை இவ்வளவு விரைவாக உலகெங்கும் பரவியதற்கு இந்தச் சுதந்திரம் ஒரு முக்கியமான காரணம். அந்தச் சுதந்திரத்துக்கு நாம் கொடுத்த விலை, சுட்டப்பட்டவருடைய அறியாமை.

இந்த அறியாமை புதிதல்ல. புத்தகத்துக்கும் அதே கதிதான். தனக்கு முன்னால் வந்த நூல்களை அது சொல்லும்; தனக்குப் பின்னால் வந்தவர்கள் தன்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று அதற்குத் தெரியாது. இதனால் வக்கீல்கள் பெரிதும் சிரமப்பட்டார்கள். ஒரு பழைய தீர்ப்பை நம்பி வாதாடப் போனால், பின்னால் வந்த நீதிபதி அதைத் தள்ளிவிட்டிருப்பார்! 1873-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிராங்க் ஷெப்பர்ட் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். எந்தத் தீர்ப்பைப் பின்னால் எந்தெந்த வழக்குகள் எடுத்தாண்டன என்று பசை தடவிய சீட்டுகளில் அச்சிட்டு விற்றார். வக்கீல்கள் அவற்றைத் தங்கள் சட்டப் புத்தகத்தின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டார்கள். அந்த முறையைப் பார்த்துத்தான் யூஜீன் கார்பீல்ட், விஞ்ஞானக் கட்டுரைகளுக்கும் அத்தகைய ஓர் அட்டவணையை 1964-ல் வெளியிட்டார்.

2002-ல் ஸ்டூவர்ட் லாங்ரிட்ஜும் இயன் ஹிக்ஸனும் வகுத்த 'பிங்பேக்' முறையும் ஒரு வகையில் அந்தப் பசைச் சீட்டுதான். நான் உங்கள் பக்கத்தைச் சுட்டி எழுதியவுடன், 'இன்ன பக்கத்தில் உங்களைக் குறிப்பிட்டிருக்கிறேன்' என்று என் யந்திரம் உங்கள் யந்திரத்துக்குச் சொல்லும். உங்கள் யந்திரம் அதை அப்படியே நம்பிவிடாது. என் பக்கத்துக்கு வந்து, இணைப்பு உண்மையாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் சேர்க்கும். அதை உங்கள் எழுத்தின் கீழே காட்டுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். எவ்வளவு கண்ணியமான ஏற்பாடு!

ஆனால் மனிதர்கள் கண்ணியத்தைச் சும்மா விடுகிறார்களா? தகவல் போனால் அங்கே தன் பெயர் தெரியும், பெயர் தெரிந்தால் வியாபாரம் நடக்கும் என்று விளம்பரக்காரர்கள் கண்டுகொண்டார்கள். படித்துப் பார்க்காத எழுத்துகளையெல்லாம் சுட்டிவிட்டு வாசலில் வந்து மணியடித்தார்கள். தம்முடைய பழைய கட்டுரையைத் தாமே சுட்டியவர்களுக்கு அவர்களுடைய யந்திரமே தகவல் அனுப்பி, 'உங்களை ஒருவர் குறிப்பிட்டிருக்கிறார்' என்று தெரிவித்தது. அந்த ஒருவர் தாமேதான்! இந்த வேடிக்கையை நிறுத்துவதற்கென்றே தனிக் கருவி செய்ய வேண்டியதாயிற்று.

2014 மார்ச்சில் நடந்தது வேடிக்கையல்ல. விஷமிகள் ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி, ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வேர்ட்பிரஸ் தளங்களுக்குப் பொய்த் தகவல் அனுப்பினார்கள். எல்லாம் யோக்கியமான யந்திரங்கள். 'உண்மைதானா?' என்று பார்க்க ஒரே சமயத்தில் அந்தத் தளத்தின் கதவைத் தட்டின. தாங்க முடியாமல் அது செயலற்றுப் போயிற்று. விசாரித்து நம்ப வேண்டும் என்கிற நல்ல குணமே ஆயுதமாகிவிட்டது.

அப்படியானால் தகவல் சொல்கிற சம்பிரதாயமே வேண்டாமா? 'என் கருத்தை எழுத என் எதிராளியிடம் நான் ஏன் கேட்க வேண்டும்?' என்று ஒருவர் சீறலாம். கேட்க வேண்டாம். அனுமதி வேறு, தகவல் வேறு. அனுமதி கேட்டால்தான் எழுதலாம் என்று வந்துவிட்டால், எளியவன் வலியவனைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. தகவல் சொல்லியே தீர வேண்டும் என்றாலும் அதே ஆபத்து உண்டு. மேலதிகாரியின் ஊழலை எழுதும் குமாஸ்தாவைப் பார்த்து, முதல் பிரதியை அவருக்கே அனுப்பு என்று சொல்வது தர்மம் ஆகாது.

கதை எழுதுகிறவர்கள் இதில் தந்திரசாலிகள். மாமாவைப் பெரியப்பாவாக்கி, மன்னார்குடியை மதுரையாக்கி, 'பெயர்கள் யாவும் கற்பனையே' என்று ஒரு வரி போட்டுவிட்டால் தீர்ந்தது. அப்படியும் தம்மை அடையாளம் கண்டுகொள்கிற மாமாக்கள் உண்டு. அடுத்த இரண்டு கல்யாணங்களுக்கு நமக்குப் பத்திரிகை வராது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அவர் கேட்பதெல்லாம், 'இதை என் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பாயா?' என்பதுதான்.

அந்தக் கேள்விதான் உரைகல் என்று எனக்குத் தோன்றுகிறது. தகவல் அனுப்புவது எல்லோருக்கும் எப்போதும் கடமை அல்ல. அனுப்பினாலும் தலைகுனிய வேண்டாதபடி எழுதுவது எப்போதும் கடமை. எழுதி முடித்ததும், இது நாளைக் காலை அவர் கையில் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உடனே எந்த வாக்கியத்தை அடிக்கத் தோன்றுகிறது? அது மெய்யாக இருந்து, பயத்தினால் அடிக்கத் தோன்றினால், அடிக்காதீர்கள். அது மிகைப்பட்ட ஏசலாகவோ, கேள்விப்பட்ட வதந்தியாகவோ, அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு பெயர் சொல்லாமல் விட்டதாகவோ இருந்தால், அந்தக் கூச்சத்துக்கு மரியாதை கொடுங்கள். வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார் என்றால், அந்தக் குற்றம் எவ்வளவு எளிதாக நம்மிடம் வந்து ஒட்டிக்கொள்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாராட்டி எழுதியதை உடனே அனுப்பிவைக்கக் கை துடிக்கிறது. மறுத்து எழுதியதை மட்டும் யாராவது சொல்லித் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். முன்னதில் அவர் நம்மைக் கவனிக்க வேண்டும் என்கிற ஆசை இருக்கிறது. பின்னதை அனுப்பினால், அவர் பதில் சொல்ல ஓர் இடம் கிடைக்கும். எந்தத் தகவல் அவருக்கு அதிகம் தேவை என்று யோசித்தால், நாம் வழக்கமாகச் செய்வது தலைகீழ் என்பது விளங்கும். கட்டத்தில் குறி போடுவதை யந்திரத்திடம் விட்டுவிடலாம். யாருக்குச் சொல்ல வேண்டும், எதற்காகச் சொல்ல வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.