கயிற்றைப் பிடித்திருப்பவரின் கடமை

2016 நவம்பர் 7 அன்று, பெங்களூருக்கு மேற்கே உள்ள திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் 'மாஸ்தி குடி' என்ற கன்னடப் படத்தின் சண்டைக் காட்சிக்காக மூன்று நடிகர்கள் ஹெலிகாப்டரிலிருந்து குதித்தார்கள். கதாநாயகன் துனியா விஜய் உயிர் பிழைத்தார். மிதவை உடுப்பு இல்லாமல் குதித்த அனிலும் உதய்யும் மூழ்கிப்போனார்கள். அதன்பின் நீருக்குள் இறங்கியவர்கள் தேடியது உயிர்களை அல்ல, உடல்களை. அவை 9, 10 தேதிகளில் கிடைத்தன.

எங்கெல்லாம் நீர் ஒரு மனிதரைக் கொண்டுபோகிறதோ அங்கெல்லாம் இந்தத் தேடல் நடக்கிறது. பல இடங்களில் அரசுப் படைகளுக்கு முன்பே உள்ளூர் மீனவர்களும் ஸ்கூபா பயின்ற தன்னார்வலர்களும் வந்து நிற்கிறார்கள். பிழைத்திருக்க வழியில்லை என்று தெரிந்த பிறகு, ஓர் உடலை எடுப்பதற்காக உயிருள்ள ஒருவரை ஆபத்தான நீருக்குள் இறக்கலாமா? அவராகவே முன்வந்தால் விடை மாறுமா?

உடல் வேண்டும் என்பதை வெறும் உணர்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. கொள்ளி வைக்கவும் அடக்கம் செய்யவும் உடல் வேண்டும். அது கிடைக்காத வீட்டில் துக்கம் தொடங்கவே மாட்டேன் என்கிறது. கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் நம்பிக்கை எழுந்து விழுகிறது. சட்டமும் இந்தக் காத்திருப்பை நீட்டிக்கிறது. உடலோ வேறு சான்றோ இல்லாதபோது, ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் பொதுவாக அவர் இறந்தவராகக் கருதப்படுவார். அதுவரை காப்பீடு, வாரிசுரிமை எல்லாம் இழுபறியில் நிற்கும். ஆகவே உடலை மீட்பவர் இறந்தவருக்கு மட்டுமல்ல, இருப்பவர்களுக்கும் ஒரு பெரிய உதவியைச் செய்கிறார்.

அந்த உதவிக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதுதான் சிக்கல். தென்னாப்பிரிக்காவின் பூஸ்மான்ஸ்காட் என்ற நீர்க்குகையில் 1994 டிசம்பரில் 20 வயது இளைஞர் ஒருவர் முக்குளிக்கும்போது காணாமல்போனார். பத்து ஆண்டுகளுக்குப் பின், சுமார் 270 மீட்டர் ஆழத்தில் அவருடைய உடலைக் கண்டவர் டேவ் ஷா என்ற முக்குளிப்பவர். உடலைப் பெற்றோரிடம் சேர்ப்பதற்காக 2005 ஜனவரி 8 அன்று அவர் மீண்டும் இறங்கினார். அந்த ஆழத்தில் மூச்சுக்காற்று அடர்ந்துவிடும். கொஞ்சம் அதிகமாக உழைத்தாலும் உடலில் கரியமில வாயு தேங்கும். கயிறு சிக்கியது, போராடினார், அங்கேயே இறந்தார். அவருக்குத் துணையாக இறங்கிய டான் ஷர்லியும் மயிரிழையில்தான் பிழைத்தார். சில நாட்கள் கழித்து, விட்டுவந்த கருவிகளை மேலே இழுத்தபோது இரண்டு உடல்களுமே வந்து சேர்ந்தன. ஒரு குடும்பத்தின் பத்தாண்டுக் காத்திருப்பு முடிந்த அன்று இன்னொரு குடும்பம் தன் மனிதரை இழந்து நின்றது.

"அது அவருடைய உயிர், அவருடைய முடிவு" என்று ஒருவர் சொல்லலாம். அந்த வாதத்துக்கும் வலு உண்டு. நார்வேயின் ப்ளூரா குகையில் 2014 பிப்ரவரியில் இரண்டு பின்லாந்து முக்குளிப்பவர்கள் இறந்தார்கள். மீட்பது மிக ஆபத்து என்று அதிகாரிகள் முயற்சியைக் கைவிட்டு, குகைக்குள் இறங்கவும் தடை விதித்தார்கள். அடுத்த மாதமே நண்பர்கள் ரகசியமாக இறங்கி உடல்களை எடுத்துவந்தார்கள். அவர்கள் மீது குற்றச்சாட்டு எதுவும் சுமத்தப்படவில்லை. குகையை அறிந்து, ஆபத்தைக் கணக்கிட்டு, தங்கள் நண்பர்களுக்காகத் தாங்களே எடுத்த முடிவு அது. அதைக் குற்றம் என்று சொல்ல மனம் வராது.

ஆனால் எல்லாச் சம்மதமும் அப்படிப்பட்டதல்ல. 2024 ஜூலை 16 அன்று உத்தர கன்னட மாவட்டத்தின் ஷிரூரில் மலை சரிந்தது. கோழிக்கோட்டைச் சேர்ந்த ஒரு லாரி ஓட்டுநர் லாரியோடு கங்காவளி ஆற்றில் புதைந்தார். மழைக்கால ஆறு, கடற்படையினரே இறங்க முடியாமல் காத்திருந்த வெள்ளம். உடுப்பி மல்பேயிலிருந்து வந்த தன்னார்வலர் ஈஸ்வர் மல்பே அதில் மீண்டும் மீண்டும் இறங்கினார். அவருடைய துணிவையும் இரக்கத்தையும் போற்றாமல் இருக்க முடியாது. ஆனால் லாரியும் அதற்குள் இருந்த உடலும் கிடைத்தது 71 நாட்களுக்குப் பிறகு, செப்டம்பர் 25 அன்று, கோவாவிலிருந்து தூர்வாரும் கப்பலைக் கொண்டுவந்த பின்புதான்.

அந்த நாட்களில் கரையில் இருந்தவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அழும் குடும்பம், பதில் சொல்லியாக வேண்டிய அதிகாரிகள், நேரலைக் கேமராக்கள், இரண்டு மாநிலங்களின் எதிர்பார்ப்பு. இவ்வளவு கண்களுக்கு முன்னால் "இன்று இறங்க மாட்டேன்" என்று சொல்ல ஒரு தன்னார்வலருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! இறங்குவதைவிட இறங்காமல் இருப்பது கடினமாகிவிட்ட இடத்தில், அவருடைய சம்மதத்தை முழுச் சுதந்திரமான சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நேர்மையாகாது.

முன்பு மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிக்க இறங்கியவரின் கயிற்றை மேலே படகில் மைத்துனர்தான் பிடித்திருப்பார் என்று ஒரு வழக்கு சொல்லப்படுகிறது. கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவர் கை அசராது என்பது அதன் நியாயம். கிடைக்கப்போகும் முத்தைவிட மூழ்கியவர் மேலே வருவதில் அக்கறை உள்ளவரே கயிற்றைப் பிடிக்க வேண்டும். உடல் மீட்பிலும் அறம் இதுவே. "போதும், மேலே வா" என்று சொல்லும் அதிகாரம் இழந்த குடும்பத்திடம் இருக்கக்கூடாது. அவர்களால் அதைச் சொல்ல முடியாது. கூட்டத்திடமும் இருக்கக்கூடாது. நீரை அறிந்த, முக்குளிப்பவர்களின் உயிருக்குப் பொறுப்பேற்கும் ஒருவரிடம் அது இருக்க வேண்டும். அவர் முடிவெடுத்தால் அரசு அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

காத்திருப்பது கைவிடுவது ஆகாது. வெதுவெதுப்பான, தேங்கிய நீரில் உடல் பெரும்பாலும் சில நாட்களில் தானே மேலெழும். வெள்ளம் வடியும், இயந்திரம் வரும். உயிருக்கு வாய்ப்பிருக்கும்போது கணக்கு வேறு: 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கிய 13 பேர் உயிரோடு இருந்தார்கள், அவர்களுக்காகக் காற்று உருளைகளைக் கொண்டுபோய் வைத்துத் திரும்பும்போது இறந்த முன்னாள் கடற்படை வீரர் சமன் குனானின் தியாகத்துக்கு அந்த 13 உயிர்களும் சாட்சி. இறந்தவருக்கோ அவசரம் இல்லை.

தன்னார்வலரை அழைக்கும் அரசுக்கு இன்னொரு கடனும் உண்டு. தென்கொரியாவில் 2014இல் செவோல் கப்பல் மூழ்கியபோது உடல்களை எடுக்க இறங்கிய சிவில் முக்குளிப்பவர் ஒருவர் இறந்தார். அந்த மரணத்துக்குப் பொறுப்பு என்று வழக்கு பாய்ந்தது, அவரோடு பணியாற்றிய இன்னொரு சிவில் முக்குளிப்பவர் மீது! நீதிமன்றம் பின்னர் அவரை விடுவித்தது. ஆனாலும் உதவ வந்தவரைக் கூண்டில் ஏற்றிய வடு ஆறாதது. காப்பீடு, சிகிச்சை, மனநல உதவி, இறந்தால் குடும்பத்துக்கு ஆதரவு ஆகியவற்றை உறுதிசெய்யாமல் ஒருவரை நீருக்குள் அனுப்புவது அவருடைய கருணையைச் சுரண்டுவதாகும்.

தன்னார்வலர் இறங்கலாம்; ஆனால் இறங்க வேண்டும் என்று அவரிடம் எதிர்பார்க்க எவருக்கும் உரிமையில்லை. அவர் மறுக்கும்போதும் திரும்பி வரும்போதும், வெறுங்கையோடு வந்தாலும், அதே நன்றியோடு வரவேற்கத் தெரிந்த சமூகமே அவரை உதவிக்கு அழைக்கத் தகுதியுடையது.