பெயரில்லாத கைவேலை

தன் கையால் ஒரு பொருளைச் செய்து முடித்தவனுடைய முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கோணல்மாணலாக ஒரு முக்காலி செய்துவிட்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் அதில் உட்காரச் சொல்லும் மனிதர்களை நான் அறிவேன். கடையில் இதைவிட நல்லது கிடைக்குமே என்றால் அவர்கள் கோபிப்பதில்லை. நம்மைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள்.

அந்த முக்காலியின் இடத்தில் ஒரு துப்பாக்கியை வைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் பலருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. குழலையும் கட்டையையும் தனித்தனியே வாங்கினால் அங்கே சட்டம் அவற்றைத் துப்பாக்கியாகக் கருதுவதில்லை. விசைப் பொறி உட்காரும் உடற்பகுதிதான் சட்டத்தின் கண்ணுக்குத் துப்பாக்கி. அந்தப் பகுதியையே அரைகுறையாக நிறுத்தி, '80 சதவீதம்' என்று பெயரிட்டு வியாபாரிகள் விற்றார்கள். மீதி வேலையை வாங்கியவர் தம் வீட்டுப் பட்டறையில் முடித்துக்கொள்வார். 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி உற்பத்தியாளர் வரிசை எண் பொறித்தாக வேண்டும். சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்பவருக்கோ மத்திய சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை.

ஏன் செய்கிறார்கள்? சிக்கனம் மட்டும் காரணமல்ல. கருவிகளுக்கும் பணம் வேண்டும், கெட்டுப்போகும் பாகங்களுக்கும் பணம் வேண்டும். ஒரு பொறியின் உள்ளுறுப்புகளை அறியும் ஆசை. தன் கைக்குப் பொருந்தச் செய்துகொள்ளும் திருப்தி. யாரிடம் என்ன ஆயுதம் இருக்கிறது என்று சர்க்கார் பட்டியல் வைத்திருக்கக் கூடாது என்ற பிடிவாதம். இந்தக் கடைசிக் காரணத்தை நான் பரிகசிக்க மாட்டேன். பட்டியல் வைத்திருந்த அரசாங்கங்கள் செய்த காரியங்களைச் சரித்திரம் அறியும்.

பாகங்களாக விற்கும் இந்தத் தொகுப்புகளுக்கும் எண் வேண்டும் என்று 2022இல் ஒரு விதி வந்தது. 2025 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அதற்கு இடம் கொடுத்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி நீல் கோர்சச், முடியாத பொருளையும் முடிந்த பொருளின் பெயரால் அழைப்பது உலக வழக்கு என்று காட்ட ஓர் உதாரணம் சொன்னார்: எழுத்தாளர் முடிக்காத கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தாலும் அதை 'நாவல்' என்றுதானே சொல்கிறார்!

படித்ததும் சிரித்தேன். பிறகு யோசித்தேன். என் நாவலில் என் பெயர் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் நீண்ட துப்பாக்கிகள் செய்த கம்மியர்களிலும் பலர் குழலின்மேல் தம் பெயரைப் பொறித்தார்கள். கைவேலையின் பெருமை அங்கேதானே முடிவடைகிறது?

நானும் ஒருமுறை பெயரில்லாமல் ஒரு வேலை செய்தேன். இருபது வயதில் எழுதிய மொட்டைக் கடிதம் அது. ஓர் அலுவலகத்துக் குமாஸ்தா லஞ்சம் வாங்குகிறார் என்று காதில் விழுந்ததை வைத்து, இரவு முழுவதும் வாக்கியங்களை இழைத்து இழைத்து எழுதினேன். அப்போது நான் அடைந்தது கலைஞனுடைய மகிழ்ச்சிதான், அதில் பொய்யில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். குற்றமில்லை என்று திரும்ப எடுத்துக்கொள்ள எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அவர் மகளின் கல்யாணம் நின்றுபோயிருந்தது. கடிதம் எழுதியவன் யார் என்று தெருவே தேடியது. நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

2019 நவம்பரில் கலிபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டாவில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் தன் பள்ளியில் இரண்டு மாணவர்களைச் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டான். அவன் கையிலிருந்தது பாகங்களைக் கூட்டிச் செய்த, எண்ணில்லாத துப்பாக்கி. எண் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்களா? அப்படி நான் சொல்லவில்லை. எண் எந்தக் குண்டையும் நிறுத்தாது.

எண் என்பது சர்க்கார் குத்தும் முத்திரை, என் கையெழுத்தல்ல என்று பட்டறைக்காரர் சொல்லலாம். இருக்கட்டும். ஆனால் முக்காலி செய்தவன் "இது நான் செய்தது" என்று ஊரைக் கூட்டிச் சொல்கிறானே, அந்த வார்த்தைக்கு இரண்டு காலம் உண்டு. பொருள் அழகாக இருக்கும் நாளில் சொல்வது சுலபம். அது கெடுதல் செய்த மறுநாளும் அதே வாயால் சொல்ல வேண்டும். சொல்லத் துணிகிறவனே செய்தவன்.

அந்தக் குமாஸ்தா காலமாகிவிட்டார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.